திமிமூன்: தண்ணீரைப் பங்கு போட்டு வாழும் பாலைவன ஊர்

கலிங்கு
அல்ஜீரியாவின் திமிமூன் பக்கம் ஃபொக்காரா என்கிற நிலத்தடி வாய்க்கால்கள் இன்னும் ஓடுகின்றன. தமிழில் தேடினால் நாலு வரியும் ஒரு படமும்தான் கிடைக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள். சில வருஷம் ஒரு தூறல்கூட விழாத ஊரில் இராப்பகலாக ஓடுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? யார் எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள்? இப்போது ஏன் வற்றுகிறது?

வறள்நிலம்
முதலில் இடம் பிடிபட வேண்டும். அந்த நாட்டின் தென்மேற்கில் அடுத்தடுத்து மூன்று வட்டாரங்கள். வடக்கே கூராரா, அதன் தலைநகர் திமிமூன். அதற்குத் தெற்கே துவாத், தலைநகர் அத்ரார். கிழக்கே தள்ளி திதிகெல்த், அங்கே இன் சலா. மூன்றுமே தாதெமாயித் என்கிற கல் பீடபூமியின் விளிம்பைச் சுற்றி வில் மாதிரி வளைந்து கிடக்கின்றன. கூராராவுக்கு வடக்கே மேற்குப் பெரு எர்க் மணற்கடல். திமிமூன் ஊர் ஒரு மேட்டின் விளிம்பில் இருக்கிறது. அதன் கீழ்ச் சரிவில் பேரீச்சந்தோப்பு, அதற்கும் கீழே செப்கா எனப்படும் உப்புத்தரை. மேடு, தோப்பு, உப்புத்தரை என்ற இந்த வரிசையை மனசில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாகப் புரியும்.

தண்ணீர் இன்றைய மழை இல்லை. பீடபூமிக்கு அடியில் பிரம்மாண்டமான மணற்பாறை நீர்த்தேக்கம் இருக்கிறது; அங்குள்ளவர்கள் 'ஆல்பியன்' தண்ணீர் என்பார்கள். சகாரா ஈரமாக இருந்த காலத்தில் ஊறியது. அந்தப் பாறை விளிம்பில் மேலே வருகிற இடத்தில்தான் நீர்மட்டம் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. அதனால்தான் ஊர்கள் எல்லாம் விளிம்பை ஒட்டியே வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே நூறு கிலோமீட்டர் போனால் ஊரே கிடையாது.

மடைவாயன்
ஃபொக்காரா எப்படி வேலை செய்கிறது என்பதை நான் சொல்கிறேன். மேட்டில் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே போகும்படி ஒரு சுரங்கம். அது தோப்பை நோக்கி மிக மெல்லிய சரிவில் இறங்கும். தரையின் சரிவு சுரங்கத்தின் சரிவைவிட அதிகம் என்பதால் ஓரிடத்தில் தண்ணீர் தானாகத் தரைக்கு வந்துவிடும். இறைக்க வேண்டாம், மாடு வேண்டாம், மோட்டார் வேண்டாம்.

சுரங்கத்தில் ஆள் குனிந்து நிற்கலாம். அகலம் தோள் இடிக்காத அளவு. மேலே 10 முதல் 25 மீட்டருக்கு ஒரு கிணறு, அதற்கு ஹஸ்ஸி என்று பெயர். கிணறு தண்ணீர் எடுக்க இல்லை. தோண்டிய மண்ணை மேலே அனுப்பவும், உள்ளே காற்று போகவும், பிறகு தூர் வார இறங்கவும்தான். வெட்டிய மண்ணைக் கிணற்று வாயைச் சுற்றியே கொட்டுவதால் வானிலிருந்து பார்த்தால் வரிசையாக வளையங்கள் தெரியும். கடைசிக் கிணற்றுக்கும் ஊர் மடைக்கும் நடுவில் ஒரு மூடு வாய்க்கால். ஒரு ஃபொக்காரா ஒரு கிலோமீட்டர் இருக்கலாம், பத்துக்கு மேலும் போகலாம்.

சரிவுதான் உயிர். மீட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஐந்து கிலோமீட்டர் சுரங்கத்தில் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வைத்தால் மொத்த இறக்கம் ஐந்தே மீட்டர். இதில் தவறினால் இரண்டு வகையில் கெடும். சரிவு கூடிப்போனால் தண்ணீர் வேகமெடுத்து அடித்தரையை அரிக்கும், மணற்பாறைச் சுவர் சரியும். தண்ணீர் வெளிவரும் வாய் தோப்பைவிடத் தாழ்வாக வந்து நிற்கும், அதற்கப்புறம் மேல்வரிசைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் ஏறாது. சரிவு குறைந்தால் வண்டல் அங்கேயே படியும்.

கலிங்கு
ஒரே மூச்சில் இவ்வளவா! நன்றி. எந்தப் பக்கமிருந்து தோண்டுவார்கள்?

மடைவாயன்
முதலில் மேட்டில் ஒரு சோதனைக் கிணறு. தண்ணீர் தட்டுப்பட்டதும் அதன் மட்டத்தை வைத்து வாய் எங்கே வரும் என்று கணிப்பார்கள். சுரங்கம் வாயிலிருந்து மேல்நோக்கிப் போகும். காரணம் எளிது: கீழேயிருந்து போனால் ஊறுகிற தண்ணீர் தானாக வடிந்துவிடும். மேலிருந்து இறங்கினால் தோண்டுகிறவன் முழங்கால் தண்ணீரில் நின்று வெட்ட வேண்டும்.

ஓட்டம் குறைய ஆரம்பித்தால் இரண்டு வழி. தலைப்பை இன்னும் மேலே நீட்டுவது. அல்லது பக்கவாட்டில் ஒரு கிளை வெட்டுவது. கிளைக்கு 'க்ரா' என்று பெயர், கால் என்று அர்த்தம். பழைய ஃபொக்காராக்களின் வரைபடம் கிளை கிளையாக இருப்பது இதனால்தான். புதுசாகத் தோண்டுகிறவர் பக்கத்து ஃபொக்காராவிலிருந்து இத்தனை தூரம் தள்ளியிருக்க வேண்டும் என்று ஊர் வழக்கு உண்டு. மீறினால் வழக்கு, சண்டை இரண்டும் நிச்சயம்.

நெடுவழி
இது பாரசீகக் கனாத்தேதானே? நம்ம பக்கம் பீதரில் பாமினி காலத்துக் கரேஸ் இருக்கிறதே, அதே குடும்பம்.

வறள்நிலம்
குடும்பம் ஒன்று, குணம் வேறு. ஈரானில் பெரும்பாலும் மலையடிவார மண்ணில் ஊறும் தண்ணீர். மழை, பனியைப் பொறுத்து ஏறி இறங்கும். கூராராவில் ஓட்டம் கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நல்லதும் அதுவே, கெட்டதும் அதுவே: வேண்டாதபோது மூடிவைக்க முடியாது, குறைந்தால் மறுபடி நிரம்பாது.

எங்கிருந்து வந்தது என்பதில் அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. எகிப்தின் கார்கா சோலையில் பாரசீகர் ஆண்ட காலத்துக் கனாத்துகள் கிடைத்திருக்கின்றன. லிபியாவின் ஃபெஸ்ஸானில் கரமந்தியர் என்ற பழங்கால மக்கள் நூற்றுக்கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். துவாத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம். உள்ளூர்க் கதைகள் வேறு வேறு ஆட்களைக் கைகாட்டும். தமந்தித் ஊரின் ஹென்னு ஃபொக்காராவைத்தான் மூத்தது என்பார்கள்.

மடைவாயன்
பங்கு போடும் கதைக்கு வருவோம். எனக்கு இதுதான் இந்த ஊரின் மையம்.

முதலில் ஒரு விஷயம்: அங்கே நிலம் வேறு சொத்து, தண்ணீர் வேறு சொத்து. நிலம் இல்லாதவனும் தண்ணீர் வைத்திருப்பான்; அதை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், சீதனமாகத் தரலாம், பள்ளிவாசலுக்கு எழுதிவைக்கலாம். நிலத்துக்குப் பெரிய மதிப்பில்லை, தண்ணீர்ப் பங்குக்குத்தான் மதிப்பு.

பங்கு என்பது நேரம் அல்ல, ஓட்டம். லிபியாவின் கதாமெஸ் ஊரில் அடியில் ஓட்டையிட்ட வாளி காலியாகும் நேரத்தை எண்ணி முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். துவாத், கூராராவில் பெரும்பாலும் அப்படி இல்லை. எல்லோருக்கும் எல்லா நேரமும் வரும், ஆனால் அவரவர் அளவு. ஓட்டத்தின் அலகுக்கு ஹப்பா என்று பெயர். விரல் நுழையும் அளவு துவாரத்தில் வருகிற தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். சரியான அளவு ஊருக்கு ஊர் மாறும், ஓர் ஊர் ஹப்பாவை இன்னோர் ஊரில் செலாவணி செய்ய முடியாது. ஒரு ஹப்பாவில் 24 கிராத். ஒரு கிராத்தில் மறுபடி 24. ஆக ஹப்பாவை 576 துண்டாக்கலாம். வாரிசுகள் பெருகப் பெருக அந்தக் கடைசித் துண்டுகளும் தேவைப்படுகின்றன.

அளப்பவர் கைய்யால் அல்மா, தண்ணீர் அளவையாளர். கருவி, துளையிட்ட செம்புத் தகடு. பெரிய துளை, சின்னத் துளை, அதைவிடச் சின்னது என்று வரிசையாக இருக்கும். வேலை இப்படி நடக்கும்.

மடைக்கு முன்னால் உள்ள சின்னத் தொட்டியைத் தூர் வாரி, தண்ணீர் அலையில்லாமல் நிற்க விடுவார்கள். தகட்டின் எல்லாத் துளைகளையும் ஈரக் களிமண்ணால் அடைத்து வாய்க்காலின் குறுக்கே வைத்து, ஓரங்களையும் களிமண்ணால் பூசுவார்கள். தண்ணீர் தேங்கி ஏறும். பிறகு பெரிய துளைகளை ஒவ்வொன்றாகத் திறப்பார். மட்டம் தகட்டிலுள்ள குறிக்கு மேலே போனால் இன்னொன்று திறப்பார். கீழே போனால் ஒன்றை அடைத்துச் சிறியதைத் திறப்பார். மட்டம் குறியிலேயே அசையாமல் நின்றால் வருகிற தண்ணீரும் போகிற தண்ணீரும் சமம். திறந்திருக்கும் துளைகளின் கூட்டுத்தொகைதான் அந்த ஃபொக்காராவின் ஓட்டம். மட்டம் ஏன் முக்கியம் என்றால், ஒரே துளையில் தண்ணீர் உயரம் கூடினால் பாய்ச்சலும் கூடும். குறிக்கு இரண்டு விரல் மேலே விட்டு அளந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் கணக்கு வரும்.

பக்கத்திலேயே கணக்குப்பிள்ளை, அங்கே ஹஸ்ஸாப், மணலில் விரலால் போட்டுக் கணக்குப் பார்ப்பார். உதாரணத்துக்கு ஏட்டில் பங்குகளின் மொத்தம் 60 ஹப்பா, இன்று அளந்தால் 48 என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் ஐந்தில் ஒரு பாகம் குறையும். ஐந்து ஹப்பாக்காரருக்கு நான்கு. இரண்டு ஹப்பாக்காரருக்கு 1 ஹப்பா 14 கிராத், மிச்சம் கிராத்தின் 24-இல் ஒன்பதரைக்குச் சற்று மேல். பங்கு அழியாது, அளவு மட்டும் சுருங்கும். இதெல்லாம் ஸிமாம் என்ற பேரேட்டில் ஏறும். விற்பனை, வாரிசுப் பாகம், தூர் வாரிய பிறகு ஓட்டம் கூடினது எல்லாம் அதில் உண்டு. ஸிமாம் யார் வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்கு ஊரில் மரியாதை தனி.

பேரீச்சை
அண்ணே, அந்தச் சீப்பு மாதிரி கல் இருக்குமே, படத்தில் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விட்டுட்டீங்க.

மடைவாயன்
கஸ்ரியா. ஓட்டத்தைப் பிரிக்கிற கல் சீப்பு. தொட்டியின் வாயில் குறுக்கே வைத்த பலகைக்கல்லில் பல்வரிசையாக இடைவெளிகள். ஒவ்வொரு இடைவெளிக்குப் பின்னாலும் ஒரு செகியா, அதாவது வாய்க்கால். தலைமடையில் பெரிய கஸ்ரியா நாலைந்து கிளைகளாகப் பிரிக்கும், கீழே போகப் போக சின்னச் சீப்புகள். கடைசி வாய்க்கால் தோட்டத்து மாஜெனில் விழும். மாஜென் ஒரு மண்தொட்டி. இராத்திரி வருகிற தண்ணீர் அதில் சேர்ந்து, விடிந்ததும் அடைப்பைத் திறந்து பாத்திகளுக்குப் பாய்ச்சுவார்கள். இரவு ஓட்டத்தை இப்படிச் சேர்க்காவிட்டால் பாதித் தண்ணீர் மணலுக்குத்தான்.

சீப்பில் கெடுவது எங்கே என்று பாருங்கள். இடைவெளிகளின் அடிமட்டம் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று அரை விரல் தாழ்ந்தாலும் அடுத்தவன் தண்ணீரைக் குடித்துவிடும். முன்தொட்டி வண்டல் ஏறி ஆழம் குறைந்தால் நடு இடைவெளிகளில் வேகம் கூடி ஓரத்துக்காரருக்குக் குறையும். அகலத்தை இரட்டித்தால் தண்ணீரும் சரியாக இரட்டிக்கும் என்று நினைப்பதும் தப்பு. குறுகிய இடைவெளியில் இரு பக்கச் சுவரும் தண்ணீரைப் பிடித்து இழுக்கும். அதனால்தான் அகலத்தை முழக்கோலால் தீர்மானிப்பதில்லை. தகட்டை வாய்க்காலிலேயே வைத்து அளந்து, களிமண்ணால் கூட்டிக் குறைத்துத் திருத்துவார்கள்.

துவாத், திதிகெல்த் அளவையாளர்களின் இந்த அறிவை 2018-இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. புதுசாகக் கற்றுக்கொள்ள இளைஞர் வரவில்லை.

நெடுவழி
இப்போ சரித்திரம் என் பங்கு.

1353-இல் மாலியிலிருந்து திரும்பிய இப்னு பதூதா துவாத்தின் பூதா ஊரில் தங்கினார். மணலும் உப்புத்தரையும், பேரீச்சை நிறைய ஆனால் சுமார், மக்கள் தின்பது பேரீச்சையும் வெட்டுக்கிளியும் என்று எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டில் இப்னு கல்தூன் கூராராவில் நூற்றுக்கு மேற்பட்ட கோட்டை ஊர்கள் இருப்பதாகக் குறித்தார். மாலித் தங்கம் வடக்கே போகிற வழி இது. 1447-இல் ஜெனோவா வணிகர் அந்தோனியோ மல்ஃபாந்தே தமந்தித்திலிருந்து எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது: யூத வணிகர் பலர், செம்பு நன்றாக விலைபோகிறது, தங்கம் எங்கே விளைகிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அந்த யூதக் குடியிருப்பின் முடிவு கொடூரமானது. திலெம்சானிலிருந்து வந்த அறிஞர் அல்-மகீலி அவர்களின் தொழுகைக்கூடத்தை இடிக்க வேண்டும் என்றார். உள்ளூர் காஜி அல்-அஸ்னூனி எதிர்த்தார். இரு தரப்பும் ஃபெஸ், திலெம்சான், தூனிஸ் அறிஞர்களுக்கு எழுதிக் கருத்துக் கேட்டன. 1492 வாக்கில் கூடம் இடிக்கப்பட்டது, யூதர்கள் கொல்லப்பட்டார்கள், மிஞ்சியவர் சிதறினார்கள். அல்-மகீலி பிறகு கானோவுக்கும் காவோவுக்கும் போய் அரசர்களுக்கு ஆலோசனை எழுதினார்.

1580-களில் மொராக்கோ சுல்தான் அல்-மன்சூர் படை வந்து பிடித்தது. பிரெஞ்சுக்காரர் 1899 டிசம்பரில் இன் சலாவையும் 1900-இல் திமிமூனையும் பிடித்தார்கள். 1901 பிப்ரவரியில் மொராக்கோவின் தாஃபிலால்த் பக்கத்துப் போராளிகள் திமிமூன் காவலைத் தாக்கி இரு பக்கமும் பலத்த இழப்பு. இன்று சுற்றுலாப் படங்களில் வருகிற செம்மண் நிறக் கட்டடங்களில் பல பிரெஞ்சுக் காலத்தில் உள்ளூர் பாணியைப் பெருக்கிக் கட்டியவை. திமிமூன் 2019 சட்டப்படி தனி மாகாணமாயிற்று, அதுவரை அத்ராருக்குக் கீழே இருந்தது.

செம்மண்
நீங்கள் எல்லாரும் தண்ணீரையும் அரசர்களையும் பேசுகிறீர்கள். தோண்டியது யார்?

ஊர்ச் சமூகம் படிப்படியானது. நபி வழி வந்ததாகச் சொல்லும் ஷுரஃபா, ஞானியர் வழி முராபித், சுதந்திர அரபுகளும் ஸெனாத்தா பெர்பர்களும் மேலே. கீழே ஹராத்தீன் என்கிற கறுப்பு நிறத் தோட்ட உழைப்பாளிகள், அவர்களுக்கும் கீழே தெற்கிலிருந்து ஒட்டகக் கூட்டத்தோடு கொண்டுவந்த அடிமைகள். சுரங்கத்தில் இறங்கியது கடைசி இரண்டு பேரும்தான். தோட்டத்தில் உழைக்கும் கம்மாஸுக்கு விளைச்சலில் ஐந்தில் ஒன்று. பெயரே அந்த ஐந்திலிருந்து வந்தது. தண்ணீர்ப் பங்கு மேலே இருப்பவன் பெயரில் ஸிமாமில் இருக்கும். உப்பு, மண் சரிவு, பல மீட்டர் ஆழத்தில் எண்ணெய் விளக்கு, இதெல்லாம் கீழே இருப்பவன் பங்கு.

அதனால் 'மோட்டார் வந்து ஃபொக்காரா செத்தது' என்று ஒரே வரியில் முடிப்பதை நான் ஏற்கமாட்டேன். நாடு விடுதலையான பிறகு எண்ணெய் வயலிலும் அரசு வேலையிலும் கூலி கிடைத்தது. 1970-களில் நிலச்சீர்திருத்தம் வந்தது. ஹராத்தீன் இளைஞன் ஏன் ஐந்தில் ஒன்றுக்குச் சுரங்கத்தில் இறங்குவான்? அவன் விலகியது நியாயம். வருஷாவருஷம் தூர் வாராத சுரங்கம் தானாகவே சாகும்.

மடைவாயன்
பாதி சரி, தோழர். ஆள் இல்லாமல் கெட்டதைப் பணம் கொடுத்துச் சரிசெய்யலாம். அரசும் சிலதைச் செய்திருக்கிறது. நீர்மட்டம் இறங்கினால் எத்தனை பேர் இறங்கித் தோண்டியும் பயன் இல்லை. 1983 சட்டப்படி பாலைநிலத்தைப் பண்படுத்துகிறவருக்கே அது சொந்தம். அதற்கப்புறம் பீடபூமிப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகளும், வட்டம் சுற்றும் தெளிப்பான் வைத்த கோதுமை வயல்களும் வந்தன. சுரங்கத் தலைப்பு நீர்மட்டத்துக்குள் ஒன்றிரண்டு மீட்டர்தான் புதைந்திருக்கும். மட்டம் ஒரு மீட்டர் இறங்கினாலே ஊறுகிற நீளம் பாதியாகிவிடும்.

செம்மண்
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வரிசை முக்கியம். ஆழ்துளை இல்லாத ஊர்களிலும் இடிந்துபோனவை உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் முழுக்கதை. இன்னொன்று: சில ஊர்களில் முன்பு பங்கே இல்லாத குடும்பங்கள் இன்று பங்கு வாங்கியிருக்கின்றன. பழைய வீடுகளின் வாரிசுகள் நகரத்துக்குப் போய் விற்கிறார்கள்.

பேரீச்சை
மரத்தைப் பற்றி யாரும் பேசலையே. அங்கே பேரீச்சைக்கு எமன் பாயூத், ஃபியூசேரியம் பூஞ்சைதான் அது. மொராக்கோவின் த்ரா பள்ளத்தாக்கில் கிளம்பி மேற்கு அல்ஜீரியா முழுக்கப் பரவியது. நடு மட்டை வட்டத்தில் ஒரே ஒரு மட்டை, அதிலும் ஒரு பக்கத்து இலைகள் மட்டும் சாம்பல் வெள்ளையாகும். அப்புறம் மறுபக்கம். ஆறு மாசத்திலிருந்து இரண்டு வருஷத்தில் மரம் காலி. வேர் வழியாக அடுத்த மரத்துக்குப் போகும். நோயுள்ள தோப்பிலிருந்து பக்கக் கன்று எடுத்து நட்டால் ஊரையே கெடுக்கும். மருந்து கிடையாது. மரத்தை வேரோடு எடுத்து அங்கேயே எரிப்பார்கள், சுற்றிலும் பாய்ச்சலை நிறுத்துவார்கள். விலை அதிகம் கிடைக்கிற தெக்லெத் நூர் இதற்குத் தாங்காது. துவாத்தின் தக்கெர்புஷ்த் தாங்கும், ஆனால் சந்தையில் அதற்குப் பேர் இல்லை. ஹ்மீரா வகை லாரியில் மாலிக்கும் நைஜருக்கும் போய்ப் பண்டமாற்றில் ஆடாகத் திரும்பி வரும்.

மணலுக்கு என்ன செய்றாங்கன்னா, காய்ந்த மட்டையை வேலியாக நட்டு விடுவாங்க, அஃப்ராக்னு பேர். காற்று அதில் மோதி மணலைக் கொட்டும், வேலி மூழ்கினதும் மேலேயே இன்னொரு வேலி. கொஞ்ச காலத்தில் ஊரே செய்த ஒரு மணற்குன்று தோப்பைக் காக்கும்.

கலிங்கு
கூராராவில் பாடுகிற அஹெல்லீல் பாட்டு பற்றி?

நெடுவழி
ஸெனாத்தா மொழியில் இரவு முழுக்கப் பாடுவது. தோளோடு தோள் சேர்ந்து வட்டமாக நிற்பார்கள், நடுவில் தனிப்பாடகர், குழல்காரர். முதல் பகுதி லெம்செர்ரெஹ், எல்லோரும் சேரலாம். நள்ளிரவுக்கு மேல் அவ்க்ரூத், தேர்ந்தவர்களுக்கு. விடியும்வரை த்ரா, அதில் மிகச் சிறந்தவர்கள் மட்டும். வீட்டுக்குள் உட்கார்ந்து பாடினால் தகெர்ராப்த். எழுத்தாளர் மௌலூத் மம்மெரி பாட்டுகளைத் தொகுத்து 1984-இல் வெளியிட்டார். யுனெஸ்கோ 2005-இல் இதை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. மொழி தெரிந்தவர்கள் குறைவதால் வரிகள் பொருள் புரியாமலேயே பாடப்படுகின்றன. மீலாதுக்கு ஏழாம் நாள் ஸிதி அல்ஹாஜ் பெல்காசெம் ஸாவியாவில், அதாவது அந்த ஞானியின் மடத்தில், கூடும் ஸ்பூ விழாவுக்குப் போனால் சுற்றுப்பட்டு ஊர்களின் கொடிகளையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

கலிங்கு
கடைசிக் கேள்வி. நின்றுபோன ஒன்றை மறுபடி ஓட வைக்க எங்கே ஆரம்பிப்பது?

மடைவாயன்
மேலே தலைப்பில் ஆரம்பிப்பதுதான் வழக்கமான தப்பு. மேலே கிளறினால் வண்டல் முழுக்க உருண்டு வந்து கீழே அடைத்துக்கொள்ளும், தேங்கின தண்ணீர் சுவரை ஊறவைத்துச் சரித்துவிடும். வாயிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் மூடு வாய்க்கால். அங்கே பேரீச்சை வேர் முடிச்சுப் போட்டிருக்கும், வெட்டி எடுக்கணும். பிறகு ஒவ்வொரு கிணறாக மேலே. இறங்கும் முன் இரண்டு பக்கத்துக் கிணற்று மூடிகளையும் திறந்து காற்றோட விட வேண்டும். கிணற்று வாயில் உதிரி மண் இருந்தால் கல் கட்டி முடித்த பிறகுதான் ஆள் இறங்கலாம். சரிந்த மண்ணைக் கிணற்று வாயை ஒட்டியே குவித்தால் அடுத்த காற்றில் உள்ளே போய்விடும், தள்ளிக் கொட்டணும்.

சரிந்த இடத்தில் சிமென்ட் குழாய் போடுவது கீழ்ப்பகுதியில் பரவாயில்லை, அங்கே சுரங்கம் தண்ணீரைக் கடத்த மட்டும்தான். நீர் ஊறுகிற மேல்பகுதியில் முழுக்குழாய் போட்டால் ஊற்றையே அடைத்த மாதிரி. அங்கே காரையில்லாமல் கல் அடுக்க வேண்டும். ஓட்டம் திரும்பினாலும் சில வாரம் கலங்கல் தெளியும்வரை விட்டுத்தான் தகடு வைப்பார்கள். அந்த அளவுதான் ஸிமாமில் ஏறும். வேலைக்கு ஆளோ காசோ தராதவர் பங்கை என்ன செய்வது என்பதையும் ஊர்ப் பெரியவர்கள் கூடும் ஜமா அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.